பாஸ்வேர்டு பெட்டகத்தில் அழுத்தும் லிங்க் தப்பான பிரவுசரில் திறக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் போன் ஓயாது. 11 ஜிஎஸ்டிஆர்-1க்கு, 20 ஜிஎஸ்டிஆர்-3பிக்கு, இரண்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள். நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, குரோமுலதான் தொறக்கணும்னு வெச்சேன். இது எட்ஜுக்கே ஓடுதுப்பா. கையெழுத்துப் போடுற டோக்கன் அதுல எடுக்க மாட்டேங்குது" என்றார். டோக்கன் என்பது டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி கருவி. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சரிசெய்ய நான்கு நிமிடம் ஆனது. அவர் அதற்காகக் காலையிலிருந்து தவித்திருக்கிறார்.

இதே கோளாறுக்காக வலங்கைமான், குடவாசல், திருத்துறைப்பூண்டி என்று பல ஆபீஸ் படி ஏறிவிட்டேன். உரக்கடை, ஆடிட்டர் ஆபீஸ், விதைக் கடை என எல்லா இடத்திலும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். நான் வருவதற்குள் நீங்களே பார்த்துவிட முடியும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே சொல்வது விண்டோஸில் ஓடும் கீபாஸ் 2க்கு, அதாவது பாஸ்வேர்டுகளை ஒரே கோப்பில் பூட்டி வைக்கும் பெட்டகச் செயலிக்கு. இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் நான் அதிகம் போட்டுக் கொடுத்தது அதைத்தான். இலவசம், நெட் இல்லாமலும் திறக்கும், எந்த லிங்க் எந்தப் பிரவுசரில் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். பிட்வார்டன் இன்னொரு பெட்டகம், அதன் டெஸ்க்டாப் செயலி லிங்க்கை அப்படியே விண்டோஸிடம் கொடுத்துவிடும். ஆகவே அதை வைத்திருப்பவர்கள் விண்டோஸ் பற்றிய பகுதியை மட்டும் பார்த்தால் போதும். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும், அவற்றின் உச்சரிப்பைத் தந்திருக்கிறேன்.

## எதையும் மாற்றும் முன் இரண்டு சோதனை

கோளாறு விண்டோஸிலா கீபாஸிலா என்று தெரியாமல் இரண்டிலும் கை வைத்தால், பிறகு எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்.

சோதனை ஒன்று. விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் ஏதாவது ஒரு தளத்தின் முகவரியை, முன்னால் வரும் எச்டிடிபிஎஸ் உட்பட முழுசாக அடித்து என்டர் தட்டுங்கள். எந்தப் பிரவுசர் எழுகிறதோ அதுதான் விண்டோஸின் டீஃபால்ட், அதாவது விண்டோஸ் தானாகத் திறக்கும் பிரவுசர். கீபாஸுக்கு இதில் பங்கே இல்லை.

சோதனை இரண்டு. கீபாஸில் ஒரு தளத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் அடங்கிய பதிவுக்கு என்ட்ரி என்று பெயர். பிரச்சினை உள்ள என்ட்ரியின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். யூஆர்எல் (தள முகவரி) என்ற வரியின் மேல் அம்புக்குறியை வைத்தால் பக்கத்தில் ஒரு பட்டியல் விரியும். அதில் 'ஓப்பன் வித்' என்று ஒவ்வொரு பிரவுசரின் பெயரும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய பிரவுசரை அழுத்துங்கள்.

இரண்டாவது சோதனையில் சரியாகத் திறந்தால் பிரவுசரும் நலம், கீபாஸும் நலம், எது எந்தப் பிரவுசரில் திறக்க வேண்டும் என்ற விதி மட்டும்தான் தப்பு. அந்தப் பட்டியலில் உங்கள் பிரவுசரின் பெயரே இல்லையென்றால் கீபாஸுக்கு அது அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதே தெரியவில்லை. பிரவுசரை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். எடுக்கும் முன் அதில் சேமித்த புக்மார்க்குகளை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு இந்த வலது கிளிக் வழியே போதும். 20ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு யாரும் விதி எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். ரிட்டர்னை அனுப்பிவிட்டு மறுநாள் வாருங்கள்.

## அறிகுறி: எல்லா லிங்க்கும் ஒரே தப்பான பிரவுசரில் திறக்கிறது

விண்டோஸ் டீஃபால்ட் மாறியிருக்கிறது. சோதனை ஒன்றிலும் அதே தப்பான பிரவுசர் வந்ததா? அப்படியானால் கீபாஸைத் தொட வேண்டாம். செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போங்கள். விண்டோஸ் 10இல் வெப் பிரவுசர் என்ற இடத்தில் மாற்றலாம். விண்டோஸ் 11இல் பட்டியலில் பிரவுசரின் பெயரை அழுத்தி, மேலே வரும் 'செட் டீஃபால்ட்' பட்டனை அழுத்த வேண்டும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது இந்தப் பட்டன் கிடையாது, ஒவ்வொரு வகையையும் தனியாக மாற்ற வேண்டியிருந்தது. அப்போது வாங்கி, பிறகு அப்டேட்டே போடாத லேப்டாப் இன்னும் சில ஆபீஸ்களில் இருக்கிறது. அதில் பட்டனைத் தேடாதீர்கள். கீழே எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற இரண்டு வரியையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

கீபாஸில் எல்லா என்ட்ரிக்கும் சேர்த்து யாரோ பொதுவிதி போட்டிருக்கிறார்கள். சோதனை ஒன்றில் சரியான பிரவுசர் வந்து, கீபாஸில் மட்டும் தப்பாக வந்தால் இதுதான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், இன்டக்ரேஷன் என்று போய் 'யூஆர்எல் ஓவர்ரைட்ஸ்' பட்டனை அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். எச்டிடிபிக்கு ஒன்று, எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒன்று என ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனி வரி இருக்கும். டிக் போட்டிருப்பவைதான் நடப்பில் உள்ள விதிகள். தேவையில்லாத டிக்கை எடுத்துவிட்டு, வேண்டிய பிரவுசரின் இரண்டு வரிக்கும் டிக் போடுங்கள். இரண்டு பிரவுசருக்கு ஒரே நேரத்தில் டிக் வைக்காதீர்கள்.

அதே சன்னலில் 'ஓவர்ரைட் ஆல் யூஆர்எல்ஸ்' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிரவுசருக்குத் தள்ளுவதற்கு வேறு பெட்டகமே போதுமே, கீபாஸ் எதற்கு?

டீஃபால்ட்டை மாற்றினாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. இது வேறு கதை. இலவசமாகக் கிடைத்தது என்று நிறுவிய ஏதோ ஒரு மென்பொருள் தன்னோடு ஒரு பிரவுசரையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கும். நிறுவிய செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்து, நீங்கள் போடாததை எடுங்கள். எடுத்த பிறகும் திரும்ப வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பெட்டகத்தின் பிரதான கடவுச்சொல்லை அடிக்கவே அடிக்காதீர்கள். டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான்.

## அறிகுறி: சில லிங்க் மட்டும் வேறு பிரவுசரில் போகிறது

எனக்கு வரும் அழைப்பில் பாதிக்கு மேல் இந்த வகை. சுலபமானதிலிருந்து பாருங்கள்.

முதலில் அந்த என்ட்ரியைத் திறந்து யூஆர்எல் கட்டத்தைப் பாருங்கள். முகவரி டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்று நேரடியாகத் தொடங்குகிறதா? விதி எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போட்டிருக்கிறீர்கள், முகவரியில் அந்த எழுத்துகளே இல்லை. விதி எப்படிப் பொருந்தும்? முன்னால் சேர்த்துவிடுங்கள். நோட்டில் எழுதி வைத்திருந்த முகவரியைப் பார்த்து அடித்தவர்களிடம் இதைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து, எச்டிடிபிஎஸ் இருக்கிறது, ஆனால் கீபாஸ் பட்டியலில் எச்டிடிபி வரிக்கு மட்டும் டிக் இருக்கிறது. அல்லது விண்டோஸ் டீஃபால்ட்டில் ஒன்று குரோமுக்கும் மற்றொன்று எட்ஜுக்கும் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு இடத்திலும் இரண்டு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள்.

மூன்றாவது, அந்த என்ட்ரிக்கே தனிவிதி இருக்கலாம். என்ட்ரியைத் திறந்து மேலே 'ப்ராப்பர்ட்டீஸ்' தாவலுக்குப் போனால் 'ஓவர்ரைட் யூஆர்எல்' என்று ஒரு கட்டம் தெரியும். இங்கே எழுதியிருப்பது மற்ற எல்லா விதியையும் மீறும். பொதுவிதியை எத்தனை முறை மாற்றினாலும் இது அசையாது. வேண்டாமென்றால் காலி செய்யுங்கள். வேண்டுமென்றால் கட்டத்தின் வலது ஓரத்து அம்பை அழுத்தினால் பிரவுசர்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கையால் ஒரு எழுத்தும் அடிக்க வேண்டியதில்லை.

உண்மையில் ஆபீஸ்களுக்கு நான் பரிந்துரைப்பதே இந்தத் தனிவிதியைத்தான். ஜிஎஸ்டி தளத்துக்கு டோக்கன் வேலை செய்கிற பிரவுசர், வங்கிக்கு வேறொன்று, பயிர்க் காப்பீட்டுக்கும் பட்டா சிட்டாவுக்கும் மூன்றாவது என்று பிரித்துவிட்டால், ஒன்றில் கோளாறு வந்தாலும் மற்றது பாதிக்காது. சம்பா காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும் நாட்களில், அடங்கலும் வங்கிப் புத்தகமுமாக வாசல்வரை வரிசை நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

## அறிகுறி: நேற்று மாற்றினேன், இன்று பழையபடி இருக்கிறது

டெல்டாவில் இதற்கு முதல் காரணம் கரண்ட். என்ட்ரிக்குள் போட்ட தனிவிதி பெட்டகக் கோப்புக்குள்தான் சேமிக்கப்படும். ஓகே அழுத்தினால் சன்னல்தான் மூடும், கோப்பு சேமிக்கப்பட்டுவிட்டது என்று பொருள் இல்லை. கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்த வேண்டும். குடவாசலில் ஒரு உரக்கடையில் இருபது என்ட்ரிக்கும் விதி போட்டு முடித்த பெண், "அண்ணே, டீ குடிச்சிட்டு வந்து சேவ் பண்றேன்" என்று எழுந்தார். அவர் தெரு முனையைத் தாண்டவில்லை, கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம். இருபதையும் மறுபடி போட்டோம். பூட்டும்போது தானாகவே சேமிக்கும்படி ஆப்ஷன்ஸில் ஒரு வசதி உண்டு, அதை அன்றே போட்டுவிட்டு வந்தேன்.

சேமித்தும் மறைகிறதென்றால் அடுத்த காரணம், கோப்பு இரண்டு இடத்தில் இருப்பது. ஒன்று பென்டிரைவில், ஒன்று டெஸ்க்டாப்பில். நேற்று மாற்றியது ஒன்று, இன்று திறந்தது மற்றொன்று. சன்னலின் மேல்பட்டையில் கோப்பின் பெயர் இருக்கும், கீபாஸின் ஃபைல் மெனுவில் சமீபத்தில் திறந்தவை முழுப் பாதையோடு இருக்கும். எது உண்மையானது என்று முடிவு செய்து, மற்றதற்குப் பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள். அழித்துவிடாதீர்கள். அதில் மட்டும் உள்ள கடவுச்சொல் ஏதாவது இருக்கலாம்.

பொதுவிதிதான் காணாமல் போனது, அதுவும் கீபாஸை அப்டேட் செய்த பிறகு. 2023 ஜூனில் வந்த 2.54 பதிப்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை பொதுவிதிகள் அந்தந்தப் பயனரின் சாதாரண அமைப்புக் கோப்பில் இருந்தன. அதற்குப் பிறகு, நிர்வாகி அனுமதி இருந்தால்தான் எழுத முடிகிற தனிக் கோப்புக்கு மாற்றிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து விதியைத் திருத்திவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, நல்ல மாற்றம். ஆனால் பழைய பதிப்பிலிருந்து தாவியவர்கள் விதிகளை மறுபடி உறுதி செய்ய வேண்டும். யூஆர்எல் ஓவர்ரைட்ஸ் சன்னலைத் திறந்து, டிக் போட்டு, ஓகே அழுத்தினால் விண்டோஸ் நிர்வாகி அனுமதி கேட்கும். கொடுங்கள்.

அதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டு, அது உங்களிடம் இல்லையென்றால், உங்கள் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி வேறொருவர். அவரைத்தான் கூப்பிட வேண்டும். குறுக்கு வழி தேடாதீர்கள். அவர் வரும்வரை என்ட்ரிக்குள் போடும் தனிவிதி தடையில்லாமல் வேலை செய்யும், அதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை.

ஆபீசில் சரி, வீட்டில் இல்லை. தனிவிதி பெட்டகக் கோப்போடு பயணம் செய்யும். பொதுவிதி அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். வீட்டில் தனியாகப் போட வேண்டும். தனிவிதியாக இருந்தும் வீட்டில் ஓடவில்லையென்றால், அதில் பிரவுசர் இருக்கும் பாதையை யாரோ முழுசாக எழுதியிருப்பார்கள். குரோம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே இடத்தில் உட்காராது. நிர்வாகி அனுமதி இல்லாமல் நிறுவினால் அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் போய்விடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த வரியில் பிரவுசரின் பெயர் நெளிவு அடைப்புக்குள் இருக்கும். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் தானே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கையால் எழுதிய பாதையை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்.

## அறிகுறி: அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

யூஆர்எல் மேல் இரண்டு முறை கிளிக் செய்கிறீர்கள், எதுவும் திறக்கவில்லை. அப்படியே நோட்பேடைத் திறந்து கன்ட்ரோலும் வியும் அழுத்துங்கள். முகவரி வந்து விழுந்ததா? அப்படியானால் கோளாறே இல்லை. இரட்டைக் கிளிக்குக்குத் திறப்பதற்குப் பதிலாக நகலெடுக்கும்படி ஆப்ஷன்ஸில், இன்டர்ஃபேஸ் தாவலில் டிக் போடப்பட்டிருக்கிறது. எடுத்துவிடுங்கள். அல்லது கன்ட்ரோலும் யூவும் அழுத்தப் பழகுங்கள், அது எப்போதும் திறக்கும்.

கோப்பு கிடைக்கவில்லை என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டினால் விதியில் எழுதிய பாதை தப்பு. பாதைக்கு நடுவில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற கோப்புறைப் பெயரிலேயே இடைவெளி இருக்கிறது, பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான். வாட்சப்பில் வந்த வரியை ஒட்டினீர்களானால் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கலாம். நேரான குறியாக நீங்களே திருத்தி அடியுங்கள்.

பிரவுசர் திறக்கிறது, வெற்றுப் பக்கம்தான் வருகிறதா? விதியின் கடைசித் துண்டு, அதாவது முகவரி வந்து உட்கார வேண்டிய நெளிவு அடைப்பு, விடுபட்டுப் போயிருக்கிறது.

## அறிகுறி: பிரவுசர் சரி, உள்ளே ப்ரொஃபைல் தப்பு

இதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். ஒரே கணக்குப்பிள்ளை அண்ணன் ஆலைக்கும் தம்பி ஆலைக்கும் கணக்கு எழுதுவார். குரோமில் இரண்டு ப்ரொஃபைல், அதாவது ஒரே பிரவுசருக்குள் தனித்தனிப் பயனர் பகுதி, வைத்திருப்பார். தம்பி ஆலையின் வங்கி என்ட்ரியை அழுத்துவார், அது கடைசியாகத் திறந்திருந்த அண்ணன் ஆலை ப்ரொஃபைலில் போய் உட்காரும். அங்கே சேமித்து வைத்த பயனர் பெயர் தானாக விழும். கவனிக்காமல் பணம் அனுப்பினால் தப்பான கணக்கிலிருந்து போய்விடும். இப்படி ஒருமுறை, அனுப்பும் பட்டனுக்கு முந்தைய திரையில், நான் பக்கத்தில் நின்றதால் தப்பியது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அவர் சத்தமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர். நான்காவது இலக்கத்தில் குரல் நின்றது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதற்குப் பட்டியலில் ஆயத்த விதி கிடையாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். முறை இது:

1. குரோமில் வேண்டிய ப்ரொஃபைலைத் திறந்து, அதன் அமைப்புக்குள் ப்ரொஃபைல் பெயரையும் படத்தையும் மாற்றும் பக்கத்துக்குப் போங்கள். அடியில் டெஸ்க்டாப் ஷார்ட்கட் உருவாக்க ஒரு சுவிட்ச் இருக்கும். போடுங்கள்.
2. டெஸ்க்டாப்பில் வந்த ஷார்ட்கட்டில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். 'டார்கெட்' கட்டத்தில் இருப்பதை முழுசாக நகலெடுங்கள். மேற்கோளெல்லாம் சரியாகவே இருக்கும், ஒரு எழுத்தையும் திருத்தாதீர்கள்.
3. கீபாஸ் என்ட்ரியின் ஓவர்ரைட் யூஆர்எல் கட்டத்தில் முதலில் பட்டியலிலிருந்து சாதாரண குரோமைத் தேர்ந்தெடுங்கள். வரும் வரியில் மூன்று துண்டு இருக்கும்: சிஎம்டி என்று தொடங்கி இரண்டு சாய்கோட்டில் முடியும் தலை, நடுவில் அடைப்புக்குள் குரோமின் பெயர், மேற்கோளுக்குள் முகவரிக்கான வால்.
4. நடுத் துண்டை மட்டும் அழித்து, அந்த இடத்தில் நகலெடுத்ததை ஒட்டுங்கள். வாலுக்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கட்டும்.
5. ஓகே, பிறகு கன்ட்ரோல் எஸ். இரண்டு ப்ரொஃபைலையும் மூடிவிட்டு ஒருமுறை, ஒன்றை மட்டும் திறந்து வைத்து ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள்.

டார்கெட் வரியில் உங்கள் ஆலையின் பெயர் இருக்காது, 'டீஃபால்ட்', 'ப்ரொஃபைல் 1' என்றுதான் இருக்கும். அது கோப்புறையின் பெயர். பலர் அதைத் தப்பு என்று நினைத்து ஆலைப் பெயரை எழுதிவிடுகிறார்கள். குரோம் புதிதாக ஒரு வெற்று ப்ரொஃபைலை உருவாக்கித் திறக்கும், பிறகு ஒரே குழப்பம்.

இந்த விதியில் பாதை முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது: அண்ணன் ஆலைக்குக் குரோம், தம்பி ஆலைக்கு ஃபயர்பாக்ஸ். ப்ரொஃபைலே வேண்டாம். ஐகானின் நிறம் வேறு, கண்ணாலேயே தெரிந்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய கணக்குப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

## அறிகுறி: சரியான பிரவுசரில் திறக்கிறது, கடவுச்சொல் விழவில்லை

பிரவுசரை மாற்றிய மறுநாள் வரும் அழைப்பு இது.

கீபாஸே கடவுச்சொல்லை அடித்துத் தரும் ஆட்டோ-டைப் பயன்படுத்துகிறவர்கள் என்ட்ரியைத் திறந்து ஆட்டோ-டைப் தாவலைப் பாருங்கள். அங்கே குறித்திருக்கும் சன்னல் தலைப்பு குரோமின் பெயரோடு முடிகிறதா? இப்போது திறப்பது ஃபயர்பாக்ஸ், தலைப்பு பொருந்தாது. பிரவுசர் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் நட்சத்திரக் குறி ஒன்றை வையுங்கள். எந்தப் பிரவுசரானாலும் பொருந்தும்.

பிரவுசரில் சேர்க்கும் துணைநிரலான எக்ஸ்டென்ஷன் வழியாக நிரப்புகிறவர்கள், புதிய பிரவுசரில் அந்த எக்ஸ்டென்ஷனைத் தனியாகப் போட்டுப் பெட்டகத்தோடு இணைக்க வேண்டும். மறைமுகச் சன்னலில் (இன்காக்னிட்டோ) திறக்கும் விதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அங்கே எக்ஸ்டென்ஷன் தானாக ஓடாது. எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தில் மறைமுகச் சன்னலுக்கும் அனுமதி கொடுங்கள்.

நிரப்புவது தொந்தரவாக இருக்கிறது என்று சிலர் விதியிலேயே, முகவரியின் வாலில் கடவுச்சொல்லையும் ஒட்டிவிடுகிறார்கள். கீபாஸ் அதற்கு இடம் கொடுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கடவுச்சொல் பிரவுசரின் ஹிஸ்டரியில் எழுத்து எழுத்தாக உட்கார்ந்திருக்கும். ஓர் ஆபீசில் ஹிஸ்டரியைத் திறந்ததும் வங்கிக் கடவுச்சொல் வரிசையாக ஏழு முறை தெரிந்தது. அன்றே மாற்றச் சொன்னேன்.

## அறிகுறி: பழைய தளம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்கும் என்கிறது

விதியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்தும் எட்ஜ்தான் வருகிறது என்பார்கள். எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவு 2022 ஜூன் 15இல் முடிந்தது. 2023 பிப்ரவரி 14இல் வந்த எட்ஜ் அப்டேட் அதை விண்டோஸ் 10இல் நிரந்தரமாக மூடிவிட்டது. விண்டோஸ் 11இல் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. விதியை எட்ஜுக்கு மாற்றிவிட்டு, எட்ஜின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போங்கள். எக்ஸ்ப்ளோரர் முறையில் திறக்க அனுமதி கொடுத்து, அந்தத் தளத்தின் உள்நுழைவுப் பக்க முகவரியைப் பட்டியலில் சேருங்கள்.

சரியாகிவிடும், மாதம் ஒருமுறை திரும்பவும் கெடும். நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. அந்தப் பட்டியலில் சேர்த்த பக்கம் 30 நாள்தான் செல்லும், பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் என்றால் நாட்காட்டியில் குறித்து வைத்துச் செய்துகொள்ளுங்கள். நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ் என்றால் காலாவதியாகாத பட்டியலை நிர்வாகக் கொள்கை வழியாகப் போடலாம். அது தெரிந்த ஆளை ஒருமுறை கூப்பிட்டுக் கூலி கொடுத்துச் செய்துகொள்வதே லாபம்.

டோக்கனைச் செருகியும் எந்தப் பிரவுசரிலும் அடையாளம் தெரியவில்லை என்றால் அது பிரவுசர் தேர்வுக் கோளாறு இல்லை. டோக்கனின் டிரைவர், அல்லது கையெழுத்துக்கான துணை மென்பொருள் ஓடவில்லை. முதலில் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள், பிறகு துணை மென்பொருளை நிர்வாகி அனுமதியோடு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டோக்கனை விற்றவரைக் கூப்பிடுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சில தப்பான முயற்சிக்குப் பிறகு டோக்கன் பூட்டிக்கொள்ளும், அப்புறம் செலவு புது டோக்கன் வரை போகும்.

## அறிகுறி: போனில் லிங்க் வேறெங்கோ திறக்கிறது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப். அங்கே மாற்றினால் பெரும்பாலும் முடிந்தது. பிரவுசருக்குப் பதிலாக அந்த வங்கியின் செயலியே திறந்தால், அந்தச் செயலியின் விவரப் பக்கத்தில் தன் லிங்க்குகளைத் தானே திறக்கும் அனுமதி இருக்கும். அதை நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் போட்ட ஓவர்ரைட் விதிகள் போனுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவை விண்டோஸ் கட்டளைகள்.

## நீங்களே செய்யக் கூடாத இடங்கள்

பிரவுசர் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், கம்ப்யூட்டர் ஆபீசுடையது என்றால் ஆபீசின் கம்ப்யூட்டர் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில், நீங்கள் எதுவும் செய்யாமல் அந்த வரி வந்திருந்தால் ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். நெட்டைத் துண்டித்துவிட்டு டெக்னீஷியனிடம் கொண்டு போங்கள்.

வேறொருவர் கொடுத்த பெட்டகக் கோப்பில், நீங்கள் போடாத ஓவர்ரைட் வரி இருந்தால் அதை அழுத்திப் பார்க்காதீர்கள். அந்த வரி பிரவுசரை மட்டுமல்ல, எந்த நிரலையும் ஓட்டும். விவரம் தெரிந்தவரிடம் காட்டி, படித்து, புரிந்த பிறகு வையுங்கள் அல்லது அழியுங்கள்.

பெட்டகமே திறக்கவில்லை, கோப்பு சிதைந்தது என்று செய்தி வந்தால் முதல் வேலை அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுப்பது. மீட்கும் முயற்சியை நகலில் மட்டும் செய்யுங்கள். டெக்னீஷியன் வந்து நேராக அசல் கோப்பில் கை வைத்தால் தடுத்து, நகலில் செய்யச் சொல்லுங்கள். பிரதான கடவுச்சொல்லை அவரிடம் சொல்லாதீர்கள். அவர் எழுந்து நிற்கட்டும், நீங்கள் உட்கார்ந்து அடியுங்கள். என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் என்னிடம் அப்படித்தான் செய்கிறார்கள்.